"கேப் போட்டாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்றால் நம்பிவிடாதீர்கள்

கீழ்வரிசையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்ததும் பல்லை மூடும் உறையான கேப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். அதில் பொய் இல்லை. சொத்தையிலும் துளையிட்டதிலும் பாதி போன பல்லை மூடாமல் விட்டால் கடிக்கிற வேகத்தில் பிளந்துவிடும். மூன்று வகை காட்டினார்கள்: முழுக்க உலோகம், உலோகத்தின் மேல் செராமிக் ஏற்றிய பி.எஃப்.எம்., முழுக்க செராமிக்கான ஜிர்கோனியா. இருப்பதிலேயே பணம் அதிகம் ஜிர்கோனியாவுக்குத்தான். அதையே போடுங்கள் என்று சொல்லி முழுத் தொகையையும் முன்பே கட்டினேன்.

என் வாயில் இருப்பது ஜிர்கோனியாவே இல்லை என்று தெரிய இரண்டரை வருடம் ஆனது.

இப்போது யோசித்தால், சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வரிசையாக இருந்திருக்கின்றன. பில்லில் 'கேப் - 1' என்று மட்டும் இருந்தது. பெரிய தயாரிப்பாளர்களின் ஜிர்கோனியாவுக்குப் பெயரும் எண்ணும் போட்டு உத்தரவாத அட்டை தருவதுண்டு. கேட்டதற்கு "லேப்ல இருந்து வரும் சார்" என்றார்கள், வரவே இல்லை. ஒட்டுவதற்கு முன் மாட்டிப் பார்த்து, நிறம் சரியா, பக்கத்துப் பல்லோடு இடைவெளி இல்லாமல் உட்கார்கிறதா என்று கண்ணாடியில் காட்டியிருக்க வேண்டும். அதுவும் இல்லை. சிமெண்ட் காய்ந்த பிறகு வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது. மைத்தாளைக் கடிக்கச் சொல்லி, மேலே கொஞ்சம் ராவிவிட்டு, "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று அனுப்பிவிட்டார் மருத்துவர். ராவிய இடத்தைப் பாலிஷ் செய்யவில்லை. அந்தச் சொரசொரப்பு எதிரே இருக்கும் மேல்பல்லைத் தினமும் தேய்க்கும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

கிளம்பும்போது, இதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். "கேப் போட்டாச்சு, இனி அந்தப் பல்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். என்னைக் கேட்டால், பொருளை மாற்றி வைத்ததைவிட இந்த ஒரு வாக்கியம்தான் பெரிய ஏமாற்று.

கேப் சொத்தையாகாது, உண்மை. ஆனால் அதன் விளிம்பு முடிகிற இடத்தில், ஈறை ஒட்டி, சொந்தப் பல் அப்படியேதான் இருக்கிறது. சொத்தை அங்கேதான் நுழையும். நரம்பு எடுத்த பல் என்பதால் வலியும் தெரியாது. வலி இருந்திருந்தால் நான் இரண்டாம் மாதமே ஓடியிருப்பேன்.

வலிக்குப் பதிலாக வேறு அறிகுறிகள் வந்தன. சாப்பிட்டதெல்லாம் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்தது. ஃபிளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) விட்டால் நூல் நார்நாராகப் பிய்ந்து வந்தது. நான் நூலைக் குறை சொல்லி இரண்டு பிராண்ட் மாற்றிப் பார்த்த அறிவாளி. இரண்டாம் வருடம் ஈறு ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. போய்க் காட்டினால் "வெறும் கறைதான்" என்றார்கள்.

பிறகு ஒரு நாள் நாக்கில் கூர்மையாக ஏதோ பட்டது. செல்போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். செராமிக் சில்லு பெயர்ந்து, உள்ளே பளபளவென்று உலோகம். மறுபடி போனேன். "ஜிர்கோனியாவுக்கு உள்ளே மெட்டல் இருக்கத்தான் செய்யும் சார்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அப்பட்டமான பொய். ஜிர்கோனியா என்பது ஜிர்கோனியம் ஆக்சைடு, வெள்ளை செராமிக். மேலே பூசிய அடுக்கு பெயர்ந்தாலும் கீழே தெரிவது வெள்ளைதான். சாம்பல் உலோகம் தெரிந்தால் அது ஜிர்கோனியா இல்லை, அவ்வளவுதான்.

வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கேப்பின் ஓரம் பல்லோடு வழுவழுப்பாக இணையாமல் படிக்கட்டு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. நூல் பிய்ந்தது அதில் மாட்டித்தான். அதன் கீழே பெரிய சொத்தை.

பி.எஃப்.எம். வைத்து ஏமாற்றிவிட்டார்களே என்று நான் பொரிந்து தள்ளியதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு அப்போது பிடிக்கவில்லை. பி.எஃப்.எம். மோசமான பொருள் இல்லையாம், சரியாகப் பொருந்தினால் 10, 15 வருடம் சாதாரணமாக நிற்குமாம். இதே பொருத்தத்தில் நிஜ ஜிர்கோனியா வைத்திருந்தாலும் பல் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் எதை வைத்தார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பி.எஃப்.எம்.மின் உலோகத்தில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இதே பொய்யைச் சொல்லியிருந்தால்?

கேப்பை அறுத்து எடுத்தார். நாற்றம். புதிய கேப் பிடித்து நிற்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் வேண்டும். எனக்கு உள்பக்கம் அது இல்லை. ஈறை வெட்டி இறக்கித்தான் பல்லைக் காப்பாற்றினார். இரண்டாவது செலவு முதலாவதைத் தாண்டியது.

இந்த முறை ஒட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பொருத்தம் பார்த்தார், கண்ணாடி கொடுத்தார், பில்லில் பொருளின் பெயரையும் அட்டையின் எண்ணையும் எழுதினார். நான் கேட்காமலேயே. ஃபிளாஸ் விட்டுக் காட்டச் சொன்னார், நூல் முழுசாக வந்தது. தினமும் இரவில் அந்த இடுக்கில் நூல், ஃபுளோரைடு பேஸ்ட், பிரஷ்ஷைச் சாய்த்து ஈறு ஓரத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். அதற்கு இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு காப்பு உறை (நைட் கார்டு).

அறுத்த பழைய கேப் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதைப் பழைய மருத்துவமனை மேஜையில் கொண்டுபோய் வைத்தபோது, "ஜிர்கோனியான்னு பில்லில் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்கள். பில்லில் இல்லைதான். ஆனால் அவர்களுடைய வரவேற்பிலிருந்து அன்றைக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்கவில்லை: "உங்கள் ஜிர்கோனியா கேப் வந்துவிட்டது, நாளை மாலை வரவும்." அதை அச்செடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறேன்.