தோட்டா வாங்கப் போகிறவர்களுக்கு: சாக்ரமெண்டோ பக்கத்துக் கடை, ஐந்துக்கு நாலு

ஞாயிறு காலையில் டிராப் சுடப் போகிறவள் நான். பறக்கிற களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு. சுற்றுக்கு 25 தட்டு, பெட்டிக்கு 25 தோட்டா, கணக்கு சுலபம். டயர் கடைக்கும் தூண்டில் கடைக்கும் நடுவே இருக்கிற இந்தச் சின்னக் கடையில்தான் மூன்று வருடமாக வாங்குகிறேன்.

கலிபோர்னியாவில் தோட்டா வாங்கப் பொறுமை வேண்டும். 2016இல் வாக்காளர்கள் தோட்டா விற்பனையைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு 63ஐ வாக்களித்து நிறைவேற்றினார்கள். 2019 ஜூலை 1 முதல் வாங்கும்போதெல்லாம் பின்னணிச் சோதனை. ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தால் கணினியில் தட்டுவார்கள். உங்கள் பெயரில் பதிவான துப்பாக்கியின் விவரத்தோடு அது ஒத்துப்போனால் சில நிமிடத்தில் வேலை முடியும். ஒத்துப்போகவில்லையென்றால் வெறுங்கைதான்.

எனக்கு ஒத்துப்போகவில்லை. வீடு மாறியதும் உரிமத்தில் புது முகவரி போட்டேன், துப்பாக்கிப் பதிவை மறந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். கவுண்டர் பெரியவர் நாலு பெட்டியையும் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் ஒரு பழைய பில்லின் பின்புறத்தில், முகவரியை எப்படி மாற்றுவது என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். "இந்த வாரம் சுடுகிற இடத்திலேயே வாங்குங்கள், அங்கே வாங்கி அங்கேயே தீர்த்தால் இந்தச் சோதனை கிடையாது" என்றார். தன் வியாபாரத்தைத் தானே அடுத்த இடத்துக்கு அனுப்பிய மனிதர். மூன்று நட்சத்திரம் அந்தப் பில்லுக்கே.

பக்கத்து மாநிலமான நெவாடாவின் ரீனோவில் வாங்கி வந்துவிடேன் என்று அலுவலகத்தில் யோசனை சொன்னார்கள். கூடாது. இங்கே குடியிருப்பவர் வெளிமாநிலத்தில் வாங்கியதை நேராகக் கொண்டுவர முடியாது. உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் வர வேண்டும்.

பொள்ளாச்சியில் தாத்தாவிடம் இரட்டைக்குழல் இருந்தது. எத்தனை தோட்டா வாங்கினார் என்று கடைக்காரர் லைசென்ஸில் எழுதித் தருவார். தேர்தல் வந்தால் துப்பாக்கியே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டுவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்குச் சோதனை உறுத்தவில்லை. பில்தான் உறுத்துகிறது. 2024 ஜூலையிலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதக் கலால் வரி. அதற்கு மேல் விற்பனை வரி, சோதனைக் கட்டணம். இந்தக் கடை இவை எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் போட்டுத் தருகிறது, அதுவரை நல்லது.

இந்தச் சோதனைச் சட்டம் நிற்குமா என்று வரிசையில் நிற்கிற எல்லாரும் பேசுகிறார்கள். 2024 ஜனவரி இறுதியில் நீதிபதி ரோஜர் பெனிடெஸ் செல்லாது என்றார்; சில நாளில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்புக்குத் தடை. 2025 ஜூலையில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு அமர்வும் 2-1 என்று செல்லாது என்றது. ஆனாலும் மறுவாரம் கவுண்டரில் அதே உரிமம், அதே காத்திருப்பு. வழக்குக்கு முகமாக இருப்பவர் ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை கிம் ரோட். பெரியவர் அந்தப் பெயரைச் சாமி பெயர் மாதிரி சொல்கிறார்.

குறை ஒன்று. செப்டம்பர் 1 புறா வேட்டை தொடக்கம். 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயம் கூடாது என்பதால் ஆகஸ்ட் கடைசியில் எல்லாரும் எஃகுக் குண்டு கேட்டு வருவார்கள். அப்போது பார்த்து அலமாரி காலி. போன் செய்து கேட்டால் "வரும்" என்பார்கள்; வராது.

நம்மவர்களுக்கு ஒன்று: துப்பாக்கி வாங்கும்போது இனிஷியலை எப்படிப் போட்டீர்களோ, உரிமத்திலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள்.