"கில் ஸ்விட்ச் இருக்கு"ன்னு சொல்ற விபிஎன்ன நம்பி ஒரு வருஷ ப்ளான் போடாதீங்க

கோத்தகிரில வீட்ல இருந்து வேலை பாக்குறேன். இங்க மழை பிடிச்சா ஃபைபர் லைன் எப்ப போகும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, போனா மொபைல் ஹாட்ஸ்பாட், வந்தா மறுபடி வைஃபை, இப்படி மாறி மாறித்தான் ஓடும். விபிஎன்னா நம்ம நெட் போக்குவரத்த பூட்டி வேற ஊரு சர்வர் வழியா அனுப்பி, நம்ம அட்ரஸ மறைக்கிற ஆப். லைன் இப்படி மாறுறதாலயே கில் ஸ்விட்ச் இருக்குற விபிஎன்னா பாத்து ஒரு வருஷத்துக்கு மொத்தமா பணம் கட்டுனேன், நடுவுல விபிஎன் அறுந்தா நெட்டையே நிறுத்தணும், அதான் அதோட வேலையே.

நிறுத்தல. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினப்புறமும் ஆப்ல பச்சை கலர்ல "கனெக்டட்"னு நிக்குது, லீக் டெஸ்ட் (நம்ம அட்ரஸ் வெளிய கசியுதான்னு காட்டுற வெப்சைட்) போட்டா மேல நெதர்லாந்து ஐபி, அதாவது நெட் அட்ரஸ், கீழ டிஎன்எஸ் (வெப்சைட் பேர ஐபியா மாத்துற சேவை) எடத்துல நம்ம சிம் கம்பெனி பேரு, அதுக்கும் கீழ என்னோட ஒரிஜினல் ஐபிவி6 அட்ரஸ் முழுசா. பழைய வகை அட்ரஸான ஐபிவி4-ஐ மட்டும் டன்னல்ல, அதாவது விபிஎன்னோட பூட்டுன பாதைல, விட்டுட்டு புது வகையான ஐபிவி6-ஐ ப்ளாக் பண்ணாம விட்டா இப்படித்தான் ஆகும். நம்மூர் மொபைல் நெட்டே பெரும்பாலும் ஐபிவி6 தான், அப்புறம் என்னத்த மறைச்சான் மண்ணாங்கட்டி.

சப்போர்ட்ல கேட்டா "ஆப்ப அழிச்சுட்டு திரும்ப போடுங்க சார்". இதையே இன்னும் நெறைய பேரு கேட்டு சத்தம் போடவும் கம்பெனி ஒரு நீளமான அறிக்கை விட்டுச்சு. ஏஇஎஸ்-256ன்னு ஒரு என்க்ரிப்ஷன் பூட்டு, மிலிட்டரி தரம், வெளி ஆள வச்சு ஆடிட்... கதவு தொறந்து கிடக்குன்னு சொன்னா பூட்டோட சைஸ காட்டுறான். அந்த ஆடிட் ரிப்போர்ட்ட தேடி எடுத்தா அவங்க பாத்தது ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன மட்டும் தான், ஆப்ப தொடவே இல்ல!

தப்பு எல்லாருக்கும் நடக்கும்ங்க. நார்ட்விபிஎன்னுக்கு 2018 மார்ச்சுல ஃபின்லாந்துல வாடகை சர்வர் ஒண்ணுல ஆள் பூந்துட்டான், 2019 அக்டோபர்ல தான் வெளிய ஒத்துக்கிட்டாங்க, லேட்டுக்கு நல்லா வாங்கியும் கட்டிக்கிட்டாங்க, ஆனா எந்த சர்வர், எப்படி பூந்தான்னாவது சொன்னாங்க. முல்வாட்னு இன்னொரு விபிஎன் கம்பெனி ஆபீசுக்கு 2023 ஏப்ரல்ல ஸ்வீடன் போலீஸ் வாரண்டோடயே வந்து வெறுங்கையோட திரும்புச்சு, நோ லாக்ஸ்னா (யாரு என்ன பாத்தாங்கன்னு பதிவே வைக்காம இருக்குறது) அது.

"30 நாள்ல பணம் வாபஸ்"ஸும் டுபாக்கூர் தான். ஆப் ஸ்டோர் வழியா வாங்குனா செல்லாதாம், பொடி எழுத்துல போட்டிருக்கான், ஸ்டோர்ல கேட்டா கம்பெனிய கேளுங்கறான்.

வாங்கி வச்சிருக்கவங்க வைஃபைல மட்டும் பாக்காம மொபைல் டேட்டாலயும் லீக் டெஸ்ட் போட்டு பாருங்க, முக்கியமா நெட் மாறுற நேரத்துல. யூபிஐ ஆட்டோபே குடுத்திருந்தா மேண்டேட்ட இன்னிக்கே கேன்சல் பண்ணுங்க, ஆப்ப அழிச்சா மட்டும் அது நிக்காது.