பிறந்த ஊரா, புறப்பட்ட ஊரா? மணற்பாறையின் பூர்வீகம் கேட்க எந்தத் தாதுவிடம் போவது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸயான் தேசியப் பூங்காவின் பாறைச்சுவர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சிவப்பும் வெளிர் மஞ்சளுமாக, சில இடங்களில் 600 மீட்டருக்கும் கூடுதலான தடிமனில் நிற்கும் அந்தப் பாறைக்கு நவாஹோ மணற்பாறை என்று பெயர். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரும் பாலைவனம் இருந்தது. அதன் மணல்மேடுகள்தான் இறுகிப் பாறையாகிவிட்டன. மேட்டின் சரிவுகள் சாய்ந்த வரிகளாக இன்னும் தெரிகின்றன. அந்தச் சாய்வை அளந்தால், அன்று காற்று வடக்குப் புறமிருந்து வீசியது என்பது தெரியும்.

அப்படியானால் மணலும் வடக்கிலிருந்து வந்தது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் காற்று சொல்வது கடைசிக் கட்டப் பயணத்தை மட்டுமே. அதற்கு முன் அந்த மணல் எந்த மலையில் பாறையாக இருந்தது என்பதை மணலிடமே கேட்க வேண்டும். கேட்பதற்கு வழிகள் பல; ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தாதுவை ஆராயத்தான் பணம் இருக்கிறது என்றால் சிர்கான். கூடக் கொஞ்சம் பணம் மிஞ்சினால், அதை இன்னும் நூறு சிர்கான் மணிகளுக்குச் செலவிடக் கூடாது.

மலிவான வழியிலிருந்து தொடங்குகிறேன். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, புள்ளி புள்ளியாக நகர்த்திச் சில நூறு மணிகளை எண்ணுவது. குவார்ட்ஸ் எத்தனை, ஃபெல்ட்ஸ்பார் எத்தனை, பாறைத் துணுக்கு எத்தனை என்ற மூன்று கணக்கையும் ஒரு முக்கோணத்தில் குறித்தால், மணல் வந்த இடம் எரிமலைத் தொடரா, மோதி எழுந்த மலையா, கண்டத்தின் அமைதியான நடுப்பகுதியா என்று ஊகிக்கலாம். நிலவியலாளர் வில்லியம் டிக்கின்சன் 1979-இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட முக்கோணம் இன்றும் வகுப்பறைகளில் இருக்கிறது. ஆனால் நவாஹோ போன்ற குவார்ட்ஸ் மிகுந்த பாறையில் புள்ளிகள் எல்லாம் ஒரே மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த மாதிரி நிலம் என்று தெரியுமே தவிர, எந்த நிலம் என்று தெரியாது. ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு நேரே வயதை அளக்கும் லேசருக்கு ஓடுவது பெரிய தவறு என்பேன். கையில் இருப்பது எப்படிப்பட்ட பாறை என்று பார்க்காமல் அதன் வயதை அளந்து என்ன பயன்?

அடுத்தது கனத் தாதுக்கள். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கும் வேலை அதுவேதான். பாறையைப் பொடித்து, அலசி, அடர்த்தி 2.9 அளவுள்ள திரவத்தில் கொட்டினால், 2.65 அடர்த்தி கொண்ட குவார்ட்ஸ் மிதக்கும். கனமானவை அடியில் இறங்கும். பெரும்பாலான மணற்பாறைகளில் இவை நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இறங்கியவற்றின் பெயர்கள் நம் செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழக்கமானவை: கார்னெட், இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட். மணவாளக்குறிச்சிக் கரையில் அலையே அரித்துக் குவித்து வைத்திருக்கும் அதே தாது மணல் கூட்டம்தான்.

இந்தக் கூட்டத்தில் கார்னெட் நன்றாகப் பேசும். மெக்னீசியம் கூடியதா, கால்சியம் கூடியதா, மாங்கனீசு கூடியதா என்பதைக் கொண்டு அது எத்தகைய பாறையில், எவ்வளவு ஆழத்தில் உருவானது என்று சொல்லிவிடலாம். சிக்கல் எங்கே என்றால், பாறை புதையப் புதைய கார்னெட் கரைந்துபோகிறது. வடகடலின் எண்ணெய்க் கிணறுகளில் இது கண்கூடு. ஒரே மணற்பாறையில் மேலே இருக்கும் தாதுக்கள் ஆழம் கூடக் கூட ஒவ்வொன்றாக மறைகின்றன. கார்னெட்டுக்கும் ஒரு கட்டத்தில் அதே கதிதான். அதனால் கார்னெட் இல்லாத மணலைப் பார்த்து, அது கார்னெட் இல்லாத மலையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஆண்ட்ரூ மார்ட்டனும் கிளேர் ஹால்ஸ்வொர்த்தும் 1994-இல் இதற்கு ஓர் அருமையான வழி சொன்னார்கள். அடர்த்தியிலும் தாங்குதிறனிலும் ஒத்த தாதுக்களை ஜோடி சேர்த்து விகிதம் பாருங்கள் என்றார்கள். ரூட்டைலுக்கும் சிர்கானுக்கும் உள்ள விகிதம் ஒன்று, மோனசைட்டுக்கும் சிர்கானுக்கும் உள்ளது இன்னொன்று. ஆறு இழுத்தாலும் ஜோடி சேர்ந்தே நகரும், புதைந்தாலும் சேர்ந்தே தாங்கும் என்பது கணக்கு. எண்ணெய்க் கிணறுகளுக்கிடையே அடுக்குகளை ஒப்பிட இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. வயதை மட்டும் இது தராது.

வயது என்றால் சிர்கான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதிப் படிவுப் பாறையில் கிடைத்த ஒரு மணிக்கு 440 கோடி ஆண்டு வயது. அதைச் சுமந்திருக்கும் பாறையோ அதைவிட நூறு கோடி ஆண்டுக்கும் மேல் இளையது. தாய்ப்பாறை அழிந்த பின்பும் மணி நிற்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமற்றோ, லேசான இளஞ்சிவப்பிலோ, முனை மழுங்கி உருண்டிருக்கும். மெருகேற்றிய குறுக்குவெட்டில் எலெக்ட்ரான் கற்றை படும்போது, மரத்தின் வளையங்கள் போல வரி வரியாக ஒளிரும். ஒவ்வொரு வரியும் உருகிய பாறைக் குழம்பில் அது வளர்ந்த ஒரு கட்டம்.

வளரும்போது சிர்கான் யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட விடவே விடாது. ஆகவே பின்னால் உள்ளே காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238-இன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், ஏறக்குறைய 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235-க்கு 70 கோடி. ஒரே மணிக்குள் வேகம் வேறுபட்ட இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் நம்பலாம். சுமார் 30 மைக்ரான் குழியை லேசர் சுட்டால் போதும், ஒரு நிமிடத்துக்குள் ஒரு சிர்கான் மணியின் வேலை முடிந்துவிடும். எத்தனை மணி வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் உள்ள எந்தப் பிரிவையும் தவறவிடவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 117 மணிகள்.

முக்கோணம் போட்ட அதே டிக்கின்சன், 2003-இல் ஜார்ஜ் கெரல்ஸோடு சேர்ந்து, நவாஹோ இருக்கும் கொலராடோ பீடபூமியின் பழைய பாலை மணல்களில் சிர்கான்களை அளந்தார். கணிசமான மணிகள் கண்டத்தின் மறுகோடியில், ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அப்பலேச்சிய மலைகளின் வயதுகளைக் காட்டின. கிழக்கே புறப்பட்ட மணலை ஆறுகள் கண்டத்தின் குறுக்கே சுமந்து வந்து வடக்கே கொட்டின, அங்கிருந்து காற்று தெற்கே தள்ளியது என்று அவர்கள் படம் வரைந்தார்கள். முதன்முறை இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஓர் ஐயம் நின்றது. 120 முதல் 95 கோடி ஆண்டு வயதுள்ள பாறை அப்பலேச்சியாவில் மட்டுமா இருக்கிறது? டெக்சாஸிலும் உண்டு, கொலராடோவிலும் அந்த வயதுக் கிரானைட் உண்டு. இங்கேதான் சிர்கானின் இரண்டாம் பதில் கைகொடுத்தது. யுரேனியம் சிதையும்போது ஹீலியமும் உண்டாகிறது. சுமார் 200 டிகிரி வெப்பத்துக்கு மேல் அது மணியிலிருந்து கசிந்துவிடும். பாறை மேலே எழுந்து ஆறிய பிறகுதான் தங்கும். எனவே ஹீலியம் சொல்வது பிறந்த தேதியை விட்டு மலை எழுந்த தேதியை. அதே 2003-இல் வேறொரு குழு நவாஹோ மணிகளில் இரண்டையும் ஒருசேர அளந்தபோது, 120 முதல் 95 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்தவை 50 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆறியிருந்தன. அது அப்பலேச்சியா எழுந்த காலம். பிறந்த தேதி பலருக்குப் பொதுவாக இருக்கலாம். அதோடு இந்த இரண்டாம் தேதியும் சேர்ந்தபோது ஆள் பிடிபட்டார்.

சிர்கானின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பசால்ட் பாறையில் அது மிகவும் அரிது. எரிமலைக் குழம்பு மூடிய நிலம் முழுவதும் கரைந்து வந்தாலும் சிர்கான் வாய் திறக்காது. கிரானைட்டோ அள்ளிக் கொடுக்கும். ஆகவே மணிகளின் விகிதத்தை நிலத்தின் விகிதமாக எடுத்துக்கொள்ள முடியாது. யுரேனியம் மிகுந்த மணிகள் தம் கதிரியக்கத்தாலேயே நொறுங்கி வழியில் அழியும். ஊசிமுனையால் அழகான மணிகளாகப் பார்த்துப் பொறுக்குகிறவர் தம்மை அறியாமலே விடையை வளைத்துவிடுகிறார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அதன் உறுதிதான். ஒரு மணற்பாறை கரைந்து இன்னொன்றாகி, அதுவும் கரைந்து மூன்றாவதாகும் வரை சிர்கான் கூடவே வரும். இடையில் எத்தனை இடங்களில் தங்கியது என்று சொல்லாது. ஹீலியமும் அதைச் சொல்லாது.

அதற்குத்தான் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் வேண்டும். எளிதில் பிளக்கும், ஈரத்தில் களிமண்ணாகும். இரண்டாவது பயணத்தைத் தாங்குவது அபூர்வம். மணலில் அது இருந்தால் பெரும்பாலும் தாய்ப்பாறையிலிருந்து நேரே வந்தது. ஈயத்தை ஏற்கும், யுரேனியத்தை ஏறக்குறைய ஏற்காது என்பதால், பிறந்தபோது இருந்த ஈய ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட ஈய அணு வகைகளின்) விகிதம் அப்படியே உறைந்திருக்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் அது மாறும். இங்கிலாந்தின் மில்ஸ்டோன் கிரிட் என்னும் எந்திரக்கல் மணற்பாறையில் இந்த ஃபெல்ட்ஸ்பார் மணிகள் கண்ணுக்கே தெரியும். ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1859-இலேயே, அந்த மணிகளையும் நீரோட்டத் தடங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, மணல் வடகிழக்கில் இருந்த கிரானைட் நிலத்திலிருந்து வந்தது என்று எழுதினார். ஃபெல்ட்ஸ்பாரின் இந்த ஈய விகிதம் தேதி தராது என்பது உண்மை. இரண்டு வட்டாரங்களின் விகிதம் ஒன்றாக இருந்தால் கைவிரித்தும் விடும்.

ரூட்டைலும் மோனசைட்டும், வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளின் கதையை நன்றாகச் சொல்லும். மலை மோதலின் காலம் வேண்டுமென்றால் அவற்றிடம் போகலாம். அபடைட் என்னும் தாது அமில மண்ணில் கரைவதால், மணல் வழியில் எவ்வளவு காலம் காய்ந்து நனைந்தது என்பதற்குச் சாட்சி.

நவாஹோவில் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த அப்பலேச்சிய மணிகள் நேரே வந்தவையா, வழியில் பழைய மணற்பாறைகளில் தங்கி வந்தவையா? ஒரு கைப்பிடி நவாஹோ மணல் எனக்குக் கிடைத்தால், அதில் குறைவாகவே இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் மணிகளைத்தான் முதலில் பொறுக்குவேன்.