86,400 ரூபாய் போச்சு: கார் இன்சூரன்ஸை போனில் ரினியூ செய்கிறவர்கள் அவசியம் படிக்கவும்

எங்கள் அக்கா வீட்டுக்காரரின் காருக்கு முன்பக்கம் அடிபட்டதில் வொர்க்‌ஷாப் போட்ட பில் 86,400 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேற்று கடிதம் வந்தது. ஒரு பைசா தர மாட்டார்களாம். பாலிசி நடப்பில் இருக்கிறது. பிரீமியம் முழுசாகக் கட்டியாகிவிட்டது. லைசென்ஸ் சரி, ஆர்சி சரி, ஓட்டியவர் குடிக்கவில்லை. அப்படியும் 86,400 ரூபாயும் கைக்காசுதான். காரணம், பாலிசியை விற்றவர்கள் அவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் போட்ட ஒரு பொய் உறுதிமொழி.

விற்றது, பல கம்பெனிகளின் பாலிசிகளை ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டி, நம்பரை வாங்கிக்கொண்டு, பிறகு போனில் கூப்பிட்டு முடித்துவைக்கும் வகை இணையதளம். பெயர் எழுதவில்லை. இதே வேலை ஷோரூம் மேஜையிலும் நடக்கிறது, ஆர்டிஓ ஆபீஸ் வாசலிலும் நடக்கிறது. பெயரைவிட, செய்த விதம் தெரிவதுதான் முக்கியம்.

வண்டி 1,197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். திருச்சி பதிவு. மூன்று வருஷம் முடிந்து நாலாவது வருஷத்துக்கான ரினியூவல். இந்த நாலாவது வருஷத்தில்தான் ஆட்கள் சிக்குகிறார்கள். 2018 செப்டம்பர் 1-லிருந்து புது கார் வாங்கும்போதே மூன்று வருஷத்துக்கான தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான கவரை, சேர்த்துக் கட்டிவிடுகிறோம். இரண்டாவது, மூன்றாவது வருஷங்களில் ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கானது) மட்டும்தான் கட்டுவோம். நாலாவது வருஷம் தேர்டு பார்ட்டி திரும்ப வந்து சேரும். 1,000 சிசிக்கு மேல் 1,500 வரை உள்ள காருக்கு 3,416 ரூபாய், 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த விகிதம். அது அரசு நிர்ணயம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே தொகைதான். மாமா அதற்கு முந்தைய வருஷம் பின் பம்பர் மாற்ற ஒரு சின்ன கிளெயிம் எடுத்திருந்தார், அதனால் நோ கிளெயிம் போனஸும் (கிளெயிம் எடுக்காத வருஷங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி) போய்விட்டது. போன தடவை ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டியவரிடம் பழைய கம்பெனி 14,180 கேட்டது. இப்படி திடீரென்று ஏறினதைப் பார்த்து மிரண்டுபோய்த்தான் ஆட்கள் 'வேறு எங்கே சீப்பா கிடைக்கும்' என்று தேடப் போகிறார்கள். ஏன் ஏறியது என்று பழைய கம்பெனி நோட்டீஸில் ஒரு வரி எழுதியிருந்தால் பாதிப் பேர் தேடவே போக மாட்டார்கள்.

இணையதளத்தில் நம்பர் போட்ட சில நிமிஷத்தில் போன் வந்தது. மரியாதையான குரல், நல்ல தமிழ்.

"போன வருஷம் கிளெயிம் ஏதாவது எடுத்தீங்களா சார்?"

"ஆமாம்ப்பா, பின் பம்பர் மாத்தினேன்."

"அது சின்ன கிளெயிம் சார், கணக்குல வராது. நான் பாத்துக்கறேன்."

மாமா நம்பியது இந்த இடத்தில்தான். விஷயம் தெரிந்தவன் சொல்கிறான், பொறுப்பை அவனே எடுத்துக்கொள்கிறான், அவன் கேட்ட கேள்விக்கு நாமும் உண்மையைத்தானே சொன்னோம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சின்ன கிளெயிம், பெரிய கிளெயிம் என்று ஒரு பிரிவினையே கிடையாது. போனஸைப் பாதுகாக்கும் ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் கவர்) தனியாக வாங்கியிருந்தால் ஒழிய, ஓன் டேமேஜில் இரண்டாயிரம் ரூபாய் வாங்கினாலும் அடுத்த ரினியூவலில் போனஸ் பூஜ்யம். 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறும் படி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இது போன் செய்தவனுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அவன் பிழைப்பே அதுதான்.

"ஃபுல் கவர்தானே தம்பி?" என்றும் மாமா கேட்டிருக்கிறார். "ஃபுல் சார், பம்பர் டு பம்பர்" என்று பதில். விலை 8,192. லிங்க் வந்தது, பணம் போனது, பாலிசி மெயிலில் வந்தது.

கடிதம் வந்த பிறகு அந்த பாலிசியை வரி வரியாகப் பார்த்தோம். முதல் பக்க அட்டவணையில் மூன்று இடங்கள். ஐடிவி, அதாவது வண்டிக்கு பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பு, 3,40,000. நோ கிளெயிம் போனஸ் 35%. ஆட்-ஆன் என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

14,180-க்கும் 8,192-க்கும் வித்தியாசம் 5,988. இது தள்ளுபடி என்றுதான் மாமா நினைத்தார். கணக்கைப் பிரித்தால் தெரியும். காரின் விலை 7,00,000. மூன்று வருஷம் தாண்டினால் 40% தேய்மானம், ஆக ஐடிவி 4,20,000. சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற எட்டு பெருநகரங்கள் தவிர மற்ற ஊர்களுக்கு மண்டலம் பி. அதில் இந்த சிசிக்கு, ஐந்து வயதுக்குட்பட்ட வண்டிக்கு, பழைய டேரிஃப் (கட்டண) அட்டவணைப்படி ஐடிவியில் 3.191%. அதன்படி 13,402 வரும். இரண்டு கம்பெனியுமே அதில் பாதியைத்தான் போட்டிருந்தன, அதாவது 6,701. ஐடிவியை 3,40,000-க்கு இறக்கியதும் 6,701 என்பது 5,425 ஆகிறது, 1,276 குறைவு. இல்லாத 35% போனஸைப் போட்டதும் 3,526 ஆகிறது, இன்னும் 1,899 குறைவு. பழைய கம்பெனி சேர்த்திருந்த ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் பிடிக்காமல் தரும் ஆட்-ஆன், 'பம்பர் டு பம்பர்' என்பதும் இதுதான்) 1,900, அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். மூன்றையும் கூட்டினால் 5,075, ஜிஎஸ்டி 18% சேர்த்தால் 5,988. (15 லட்சம் பி.ஏ. கவர், அதாவது தனிநபர் விபத்து கவர், மாமாவிடம் ஏற்கெனவே தனியாக இருக்கிறது, அதனால் அது இரண்டிலும் இல்லை.)

புரிகிறதா? உண்மையான தள்ளுபடி ஒரு ரூபாய்கூட இல்லை. குறைந்த ஒவ்வொரு ரூபாயும் அவருடைய பாதுகாப்பை வெட்டி எடுத்தது, அல்லது பொய் சொல்லி எடுத்தது.

ஓட்டுகிறவரின் வயசு, அனுபவம் இதெல்லாம் வெளிநாடுகளில் பிரீமியத்தைத் தீர்மானிக்கும். நம் ஊரில் பார்ப்பது பெரும்பாலும் வண்டியைத்தான்: சிசி, வயது, ஐடிவி, பதிவான மண்டலம், வெளியிலிருந்து போட்ட சிஎன்ஜி கிட். ஓட்டுகிறவரைப் பற்றிய ஒரே பெரிய அம்சம் இந்த போனஸ்தான். அதில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

மழையில் முன்னால் போன லாரி பிரேக் அடித்தது, கார் மோதியது. ஆளுக்கு அடியில்லை. பில் விவரம்: பம்பர், கிரில், இரண்டு ஹெட்லைட் 29,800. பானட், ஃபெண்டர் 16,300. ரேடியேட்டர், கண்டன்சர் 15,700. பெயின்ட் 14,000. லேபர் 10,600. மொத்தம் 86,400. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், எல்லாம் ஒழுங்காகப் போவது போலத்தான் இருந்தது. பிறகு பழைய கம்பெனியிடம் என்சிபி (நோ கிளெயிம் போனஸ்) உறுதிப்படுத்தல் கேட்டிருப்பதாக ஒரு மெயில். அடுத்து வந்தது மறுப்புக் கடிதம். பாலிசி எடுக்கும்போது 'முந்தைய பாலிசி காலத்தில் கிளெயிம் எதுவும் இல்லை, இது தவறு என்று தெரிந்தால் செக்‌ஷன் 1-ன் பலன்கள் அனைத்தையும் இழப்பேன்' என்று ஒரு உறுதிமொழி இருக்கிறது. செக்‌ஷன் 1 என்றால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதம். அந்த உறுதிமொழியில் டிக் இருக்கிறது. போட்டது மாமா இல்லை. அவருக்கு வந்த லிங்கில் பணம் கட்டும் பக்கம் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பொய்யே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஜீரோ டெப்பை எடுத்த ஒன்றுக்காகவே பெரிய தொகை போயிருக்கும். பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், 14,900 வெட்டு. மூன்றிலிருந்து நான்கு வருஷ வண்டியின் உலோகப் பாகத்துக்கு 25% பிடிப்பு, 32,000-ல் 8,000 வெட்டு. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதி, 1,750 வெட்டு. கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெயிமிலும் நம் தலையில் விழுவது) 1,000. ஆக 25,650 போய் 60,750 வந்திருக்கும். பழைய கம்பெனியின் 14,180 பாலிசியே இருந்திருந்தால் 1,000 மட்டும் போய் 85,400 வந்திருக்கும். 'ஃபுல் கவர்' என்ற வார்த்தைக்கு பாலிசியில் எந்த அர்த்தமும் இல்லை. காம்ப்ரிஹென்சிவ் (தேர்டு பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்தது) என்பது வேறு, ஜீரோ டெப் என்பது வேறு. போனில் விற்கிறவர்கள் இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாகப் பேசுகிறார்கள்.

ஐடிவி வெட்டு இந்தத் தடவை தொடவில்லை. வண்டி திருடு போயிருந்தாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75% தாண்டி டோட்டல் லாஸ் ஆகியிருந்தாலோ நேராக 80,000 ரூபாய் குறைந்திருக்கும். 1,276 ரூபாய் மிச்சத்துக்காக.

இனி அலைக்கழித்த கதை. போன் செய்து விற்ற அந்தப் பையனின் நம்பர் இப்போது எடுக்கப்படுவதே இல்லை. கஸ்டமர் கேரில் முதல் பதில், "நாங்க இடையில இருக்கறவங்கதான் சார், கிளெயிம் முடிவெல்லாம் கம்பெனியோடது." கம்பெனியைக் கேட்டால், "டிக்ளரேஷன் உங்க பேர்ல இருக்கு சார், விற்றவங்ககிட்ட கேளுங்க." திரும்ப இணையதளத்துக்கே போனால், "ஓடிபி நீங்கதானே சார் சொன்னீங்க?" மாமா கிளெயிம் எடுத்ததைப் போனிலேயே சொல்லியிருக்கிறார், அந்த அழைப்பின் பதிவைக் கொடுங்கள் என்று கேட்டோம். "ரெக்கார்டிங் இருக்கு சார், ஆனா வெளிய தர்றதுக்கு எங்களுக்கு அனுமதி இல்ல." மெயிலில் கேட்டதற்கு, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று தானியங்கி பதில் வந்து டிக்கெட் மூடப்பட்டது. எதைத் தீர்த்தார்கள்? 86,400 ரூபாயில் எத்தனை ரூபாய் வந்தது? பாலிசி விற்கும்வரை நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் செய்தவர்களுக்கு, இப்போது பேச ஒரு மேலாளர்கூட இல்லையாம்.

கம்பெனியும் தப்பிக்க முடியாது. புது கம்பெனி வேறு கம்பெனியின் போனஸை ஏற்றுக்கொண்டால், பாலிசி கொடுத்த 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இந்திய மோட்டார் டேரிஃபின் பொது விதி 27 சொல்கிறது. பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிரீமியத்தை வாங்கும்போது யாரும் கேட்கவில்லை. பணம் கொடுக்க வேண்டிய நேரம் வந்த பிறகுதான் விசாரிக்கத் தோன்றியிருக்கிறது. 21 நாளில் கேட்டிருந்தால் போனஸ் 1,899-உம் அதற்கான ஜிஎஸ்டியும் சேர்த்து 2,241 ரூபாய் வித்தியாசத்தைக் கட்டி அன்றைக்கே சரிசெய்திருப்போம். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இதைத்தான் முதல் வாதமாக எழுதியிருக்கிறோம், அழைப்புப் பதிவையும் அதில் கேட்டிருக்கிறோம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, மறுத்தாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவர்) புகார் போகும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஆனால் மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிந்தாயிற்று. போனில் பதிய 155255.

மற்றதை விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும். விலையைப் பார்க்கும் முன் ஐடிவி, என்சிபி, ஆட்-ஆன் மூன்றும் இரண்டு கொட்டேஷனிலும் ஒன்றா என்று பாருங்கள். வாலன்டரி டிடக்டபிள் என்று ஏதாவது தொகை போட்டிருந்தால் அதையும் பாருங்கள், கிளெயிமில் அவ்வளவும் உங்கள் தலையில்தான். கிளெயிம் எடுத்ததைப் போனில் சொல்லாதீர்கள், மெயிலிலோ வாட்ஸப்பிலோ எழுதுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டால் இருக்கும் போனஸும் போய்விடும், அதற்குள் முடியுங்கள். செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் விற்றவருடைய போனஸை உங்கள் பாலிசியில் போட விடாதீர்கள். போனஸ் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை.

இப்போதே உங்கள் பாலிசியைத் திறந்து பாருங்கள். போன வருஷம் கிளெயிம் எடுத்திருந்தும் என்சிபி என்று ஏதாவது சதவீதம் இருந்தால், இன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போட்டு வித்தியாசத் தொகையைக் கட்டி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியைத் திருத்தியதற்கான சீட்டு) வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி அடிபட்ட பிறகு கட்டுகிறேன் என்றால் வாங்க மாட்டார்கள்.