ஆயில் மாற்றியதும் வண்டியின் அடியைப் பாருங்கள்

பைக்குக்கு வெளிக்கடையில் ஆயில் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். நானும் என் மகளும் பெரிய விபத்திலிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறோம்.

போன மாதம் ஒரு காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு கோவை சத்தி சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சந்துக்குள் திரும்புவதற்காக வண்டியைச் சற்றுச் சாய்த்ததும் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. மழை இல்லை, மணலும் இல்லை. காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தால் பின் டயரின் ஒரு பக்கம் முழுக்க ஆயில் பூசியிருந்தது. என்ஜினின் அடிப்பாகம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆயில் இறக்கும் டிரெய்ன் போல்டை விரலால் தொட்டேன். ஆடியது. ஸ்பேனர் இல்லாமல் வெறும் கையாலேயே திருக முடிந்தது. அதைச் சுற்றி, குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப் நூல் நூலாகப் பிய்ந்து தொங்கியது. அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் எம்-சீல் அப்பியிருந்தது. அதன்மேல் மெக்கானிக்கின் கட்டைவிரல் ரேகைகூட அப்படியே பதிந்திருந்தது.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் அந்தக் கடையில் ஆயில் மாற்றியிருந்தேன். மூன்றாம் நாளே வீட்டு வாசலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை விழுந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, “ஊற்றும்போது மேலே சிந்தியிருக்கும் சார், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார் கடைக்காரர். மூன்று வருடப் பழக்கம் என்பதால் நம்பினேன்.

போல்ட் திருகி ஏறுகிற வரிப்பள்ளம்தான் மரை. அது ஏன் போகிறது என்பதை இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். போல்ட் எஃகினால் ஆனது. அது ஏறும் கிராங்க் கேஸோ, அதாவது என்ஜினின் அடிக்கூடோ, அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினிய மரைதான். சிறிய பைக்குகளின் 12 மி.மீ. டிரெய்ன் போல்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையை அளக்கும் அலகு) இறுக்கம் போதும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியை 15 கிலோ அளவுக்கு இழுத்தாலே அந்த இறுக்கம் வந்துவிடும். அதே ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை 60 சென்டிமீட்டர் ஆக்கினால், அதே இழுப்புக்கு மூன்று மடங்கு முறுக்கு விழும். முந்தைய சர்வீஸின்போது அந்தக் கடைப் பையன் குழாய் செருகித்தான் இறுக்கினான். என் கண்ணால் பார்த்தேன். நன்றாக இறுக்குகிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போல்டுக்கும் கேஸுக்கும் நடுவே நசுங்கி அடைக்கிற ஒரு மெல்லிய வாஷர் உண்டு. அதைப் புதிதாக மாற்றாமல் பழையதையே போட்டால் லேசாகக் கசியும். கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். இப்படி ஒவ்வொரு சர்வீஸிலும் இறுக்கம் கூடிக் கூடி, ஒருநாள் மரை உரிந்து போல்டோடு சேர்ந்து வந்துவிடும்.

மரை போனதற்காக நான் யாரையும் திட்டவில்லை. எந்தக் கைக்கும் அது நேரும். “சார், மரை போய்விட்டது, சரிசெய்ய ஒருநாள் ஆகும்” என்று சொல்லியிருந்தால் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போயிருப்பேன். அதைச் சொல்லாமல் டேப்பைச் சுற்றி, எம்-சீலை அப்பி, மேலே கரித்துணியால் துடைத்து, சர்வீஸ் கூலியையும் வாங்கிக்கொண்டு அனுப்பினாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்ஜினின் சூட்டிலும் அதிர்விலும் அந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா? சொட்டுகிற ஆயில் போய் விழும் இடம் பின்சக்கரத்தின் பாதை. என் வண்டியில் ஆயில் குறைந்தால் எரிகிற எச்சரிக்கை விளக்கும் கிடையாது. உள்ளே இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவு.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவரிடமே நிறுத்தினேன். “வரும்போதே மரை போய்த்தான் இருந்தது” என்றார். அப்படியானால் அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த பேச்சே, “கேஸை மாற்ற வேண்டும், கூலியோடு ஒன்பதாயிரம் ஆகும், உங்களுக்காக எட்டரை” என்பதுதான். என் வண்டியில் என்ஜின் எண் பொறித்திருப்பது அந்தக் கேஸில்தான். அதை மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது. ஆர்டிஓ அலுவலகத்தில் முறைப்படி பதியாவிட்டால், நாளை வண்டியை விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரும். இதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் நண்பர் அழைத்துப் போனார். அவர் வண்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எம்-சீலைச் சுரண்டி எடுத்து, துவாரத்தை பெட்ரோலால் கழுவினார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கேஸுக்கு ஒன்றும் இல்லைங்க தம்பி, ஹெலிகாயில் போட்டால் போதும்” என்றார். சேதமான மரையைக் கடைந்து எடுத்து, சற்றுப் பெரிய மரை வெட்டி, அதற்குள் ஸ்பிரிங் போன்ற எஃகுச் சுருளை ஏற்றுகிற வேலை அது. பழைய அளவு போல்டே மறுபடி ஏறும். எஃகு மரை என்பதால் முன்பைவிட உறுதியாகவும் இருக்கும். மரை வெட்டுகிற டேப் கருவியின் பள்ளங்களில் அவர் கிரீஸை அடைத்துக்கொண்டார். சீவல் என்ஜினுக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்வதற்காக. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பி, நான்கைந்து முறை வெளியே எடுத்து, துணியில் துடைத்துக் காட்டினார். மினுமினுவென்று அலுமினியத் துகள். முடிந்ததும் மேலிருந்து கொஞ்சம் ஆயிலை ஊற்றி, அடிவழியே ஓடவிட்டுக் கழுவினார். மொத்தம் அறுநூறு ரூபாய், ஒன்றரை மணி நேரம்.

ஆயில் இல்லாமல் ஓடியதில் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள், வால்வுகளைத் திறக்கிற கேம் தேய்ந்து சத்தம் வந்தது. அதற்குத் தனியாக 2,800 ரூபாய் அழுதேன்.

ஆகவே ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். போல்ட் முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பேனர் தேவைப்பட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்பேனரில் குழாயைச் செருகினால் தடுங்கள். புது வாஷரை நீங்களே வாங்கிக் கொடுங்கள், விலை மிகவும் குறைவுதான். கேஸ் போய்விட்டது என்று யாராவது சொன்னால், ஒரு லேத் பட்டறையில் காட்டாமல் தலையாட்டாதீர்கள். முக்கியமாக, பில் வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கிறுக்கிய கணக்கு மட்டும்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். அந்த அட்டையையும், எம்-சீலோடு எடுத்த படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தக் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, ஆயிரம் ரூபாய் தருகிறேன், விஷயத்தை இதோடு விட்டுவிடுங்கள் என்றார். எனக்குப் பணம் வேண்டாம், இதே டேப்பும் எம்-சீலும் போட்டு அனுப்பிய மற்ற வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நீங்கள் சமீபத்தில் எங்கே ஆயில் மாற்றியிருந்தாலும் சரி, இன்றிரவு என்ஜினுக்கு நேர் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு இருந்தால்கூட வண்டியை எடுக்காதீர்கள்.