கார் ஓட்டாதவருக்கு லாஸ் ஏஞ்சலஸ்: மெட்ரோ ரயிலில் ஆசியத் தெருக்கள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: கார் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் என்றால் கேட்கவே வேண்டாம். நானோ மதுரைக் கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் ஊரில் ரயில் ஓடுகிறது என்றால் ஏறிப் பார்க்காமல் விடமாட்டேன். மகள் வீடு பசடீனாவில். அங்கே ஏ ரயிலில் ஏறினால் சைனாடவுன், யூனியன் ஸ்டேஷன், லிட்டில் டோக்கியோ மூன்றும் வரிசையாக வந்துவிடுகின்றன. யூனியன் ஸ்டேஷனில் சுரங்கத்துக்கு இறங்கி மாறினால் டி ரயிலில் கொரியாடவுன், பி ரயிலில் தாய் டவுன். இந்த ஊரின் பழைய ஆசிய வட்டாரங்களைப் பார்க்க மாப்பிள்ளையின் லீவுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

மெட்ரோவின் பயண அட்டையான டாப் அட்டை ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பயணம் 1.75 டாலர்; இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் தனிக் காசு கிடையாது; ஒரே நாளில் எத்தனை முறை ஏறினாலும் 5 டாலருக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். இறங்கி, சாப்பிட்டு, மறுபடி ஏறி, இன்னொரு தெருவில் இறங்குகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 62 வயது கடந்தவர்களுக்குக் கட்டணம் இன்னும் குறைவு, ஆனால் அதற்குத் தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சில நிலையங்களில் தடுப்புக் கதவே இல்லை. கம்பத்தில் இருக்கும் கருவியில் நாமே அட்டையைத் தொட்டுவிட்டு ஏற வேண்டியதுதான். என் தொழில் புத்திக்கு இது ஜீரணமாகவே இல்லை. அப்புறம், பல நிலையங்களில் கழிப்பறை கிடையாது. யூனியன் ஸ்டேஷனில் இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

யூனியன் ஸ்டேஷனை வண்டி மாறும் இடம் என்று மட்டும் நினைத்து ஓடிவிடாதீர்கள். 1939இல் திறந்த நிலையம், உயரமான கூரை, தோல் வைத்த பெரிய நாற்காலிகள். (வெளியூர் வண்டிக்கு டிக்கெட் இருந்தால்தான் அவற்றில் உட்கார விடுவார்கள். அது சரியான ஏற்பாடு.) இந்த நிலையம் நிற்கும் இடம்தான் பழைய சைனாடவுன். 1876இல் சதர்ன் பசிபிக் கம்பெனியின் ரயில் பாதை இந்த ஊருக்கு வந்து சேர, சான் பெர்னாண்டோ மலையைக் குடைந்ததில் பெரும்பங்கு சீனத் தொழிலாளர்களுடையது. பாதை போட்டவர்களின் தெருவையே பிறகு நிலையத்துக்காக இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ரயில்வேயில் சம்பளம் வாங்கிய எனக்கு அந்த மண்டபத்தில் நின்று இதைப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் சாலையைத் தாண்டினால் இந்த ஊரின் மிகப் பழைய பகுதியான எல் புவெப்லோ. அங்கே 1890இல் கட்டிய கார்னியர் கட்டடம் மட்டும் தப்பியிருக்கிறது. இப்போது சீன அமெரிக்க அருங்காட்சியகம் அதில்தான். 1871 அக்டோபரில் ஒரு கும்பல் சீனர்கள் 18 பேரைக் கொன்றதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

நிலையத்துக்காக விரட்டப்பட்டவர்கள் 1938இல் சற்று வடக்கே திறந்ததுதான் இன்றைய சைனாடவுன். வளைந்த கூரைகள், தோரணவாசல், நியான் விளக்கு. போட்டோவுக்கு நல்ல இடம். அதே ஆண்டில் தொடங்கிய ஃபீனிக்ஸ் பேக்கரியின் ஸ்ட்ராபெரி கேக் பெயர்போனது. மற்றபடி சீனச் சாப்பாட்டுக்கென்றே வருகிறவர்கள் கிழக்கே மான்டரே பார்க், ஆல்ஹாம்ப்ரா பக்கம் போவதே நல்லது. அங்கே இந்த ரயில் போகாது.

எனக்கு மனசுக்குப் பிடித்தது லிட்டில் டோக்கியோ. நிலையத்தை 2023இல் பூமிக்கடியில் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். மேலே ஏறினால் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட். அங்கே தரையைப் பார்த்து நடங்கள். வடக்குப் பக்க நடைபாதையில் ஒவ்வொரு கடை வாசலிலும் அந்த இடத்தில் முன்பு இருந்த கடைகளின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள். ஜப்பானோடு போர் நடந்தபோது, 1942இல், ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரையும் இந்தத் தெருவிலிருந்து தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். மேற்குக் கரை முழுவதும் சேர்த்துச் சுமார் 1,20,000 பேர். காலியான வீடுகளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர் குடியேற, போர் முடியும்வரை தெருவுக்குப் பெயரே பிரான்ஸ்வில் (Bronzeville). 1903இல் தொடங்கிய ஃபுகெட்சு-டோ மிட்டாய்க்கடைக் குடும்பமும் முகாமுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி கடை திறந்திருக்கிறது. இன்றும் அதே குடும்பம்தான். கண்ணாடிப் பெட்டியில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என்று மோச்சி அடுக்கியிருக்கும். மெத்தென்ற அரிசி மாவு, உள்ளே இனித்த சிவப்புப் பயறு விழுது. சர்க்கரை மட்டாகத்தான் இருக்கிறது, என்னைப் போன்றவர்கள் ஒன்று சாப்பிடலாம். அன்றே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் இறுகிவிடும்.

அப்படியே ஜப்பானிய அமெரிக்க அருங்காட்சியகம் பக்கம் போனால் ஒரு பெரிய மரம் நிற்கிறது. 1920 வாக்கில் ஒரு பௌத்தக் கோயில் முன்னால் நட்டது. கோயில் இடம் மாறிவிட்டது, மரம் மாறவில்லை. நம் ஆலமரத்தின் சாதிதான். 2008இல் மாநகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது. அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள், புதுப்பிக்கும் வேலை நடக்கிறது.

கொரியாடவுனுக்கு டி ரயிலில் வில்ஷயர்/நார்மண்டி. ராத்திரி வெகுநேரம் விழித்திருக்கும் வட்டாரம். இறைச்சியை மேசையிலேயே சுட்டுத் தருவார்கள். தொட்டுக்கொள்ளும் சிறு கிண்ணங்களைக் கேட்டால் மறுபடி நிரப்புவார்கள், காசு கிடையாது. பார்க்கப் பழைய இடம் என்று பெரிதாக இல்லை, பசியோடு போனால் போதும்.

தாய் டவுனுக்கு ஹாலிவுட்/வெஸ்டர்ன் நிலையம். 1999இல் மாநகரம் அங்கீகரித்த பகுதி. எல்லையில் தூண்மேல் பொன்னிறச் சிலைகள், இடுப்புக்கு மேலே பெண், கீழே சிங்கம். சாப் காபி ஷாப்பில் காபியை விடப் படகு நூடுல்ஸ் பிரபலம். சாறு ரத்தம் கலந்தது, தெரிந்து கேளுங்கள். ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு ஒன்றும் செய்யவில்லை. என் மனைவியோ சைவம். தாய்க் கடையில் மீன் சாறு, கொரியக் கடையில் நெத்திலி போட்டுக் காய்ச்சிய தண்ணீர், ஜப்பானியக் கடையில் மீன் சீவல்: கறி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, மீனும் கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கடைசியில் அவளுக்குக் கைகொடுத்தது கனோம் கிரோக். குழிச்சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி எடுப்பது. அசல் குழிப்பணியாரம்தான், நடுவில் மட்டும் குழைவாக இருக்கும். வெங்காயத்தாள் தூவுவார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். தட்டு காலியானதும் "இதுக்கு ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தட்டு வாங்கினாள்.

ஒரே குறை, நம் ஆட்களின் தெருவுக்கே இந்த ரயில் இன்னும் போகவில்லை. புடவைக் கடையும் தோசையும் சாட்டும் இருக்கும் லிட்டில் இந்தியா, தென்கிழக்கே அர்டீஷியாவில், பயனியர் பூல்வார்டில் இருக்கிறது. அங்கே ஒரு புதிய பாதை திட்டத்தில் இருக்கிறது, கடைசி நிலையத்தின் பெயரே பயனியர். இலக்கு 2035. அதுவரை கறிவேப்பிலை வாங்க மாப்பிள்ளையின் சனிக்கிழமையைத்தான் பிடிக்க வேண்டும்.