எடைக்குறைப்பு ஊசி: "40 யூனிட் போடுங்க மேடம்" என்று மெசேஜ் வந்தால் அப்படியே போட்டுவிடாதீர்கள்

எடை குறைக்கும் ஊசியை ஆன்லைன் சேவை மூலம் வாங்குகிறவர்கள், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். ஒரு எடைக்குறைப்பு நிறுவனம் எனக்கு செமக்ளூடைடு என்ற ஊசி மருந்தை அனுப்பியது. எவ்வளவு போடுவது, எப்போது கூட்டுவது எல்லாம் அவர்களே முடிவு செய்தார்கள். கடைசியில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். மருந்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இன்றைக்கும் அதே மருந்தைத்தான் ஒழுங்கான ஒரு டாக்டரின் பார்வையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நிறுவனம் என் டோஸை முடிவு செய்த விதம்தான் என்னைப் படுக்க வைத்தது.

சேரும்போது ஒரு படிவம் தந்தார்கள். உயரம், எடை, வயது, இருக்கிற நோய்கள், சாப்பிடுகிற மாத்திரைகள். சுகருக்கு கிளிமெபிரைடு எடுக்கிறேன் என்று தெளிவாக எழுதினேன். 'எங்கள் மருத்துவர் உங்கள் விவரங்களைப் பரிசீலித்துவிட்டார்' என்று சற்று நேரத்திலேயே பதில் வந்துவிட்டது. அந்த மருத்துவரை நான் பார்த்ததும் இல்லை, அவரிடம் பேசியதும் இல்லை. எல்லாம் 'கேர் கோச்' என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு பெண் வழியாகத்தான். மரியாதையாகப் பேசுவார், உடனுக்குடன் பதில் போடுவார். ஆனால் அவர் நர்ஸா, மருந்தாளுநரா என்று கேட்டதற்கு மட்டும் கடைசி வரை பதில் வரவில்லை.

டோஸ் அளந்தே வரும் பேனா ஊசி தரவில்லை. சிறிய கண்ணாடிக் குப்பியும் இன்சுலின் சிரிஞ்சும்தான் வந்தன. கூடவே மெசேஜில் அளவு: முதல் மாதம் வாரம் 10 யூனிட், அடுத்த மாதம் 20 யூனிட். இந்த 'யூனிட்' விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், என் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

எனக்கு வந்தது U-100 என்று குறித்த இன்சுலின் சிரிஞ்ச், அதில் '100' என்ற கோடு வரை இழுத்தால் 1 மில்லி லிட்டர். அந்தக் கோடுகள் இன்சுலினுக்காகப் போடப்பட்டவை. செமக்ளூடைடுக்கு யூனிட் என்று ஒரு அளவே கிடையாது, அது மில்லி கிராமில் அளக்கிற மருந்து. '10' என்ற கோடு வரை இழுத்தால் எத்தனை மில்லி கிராம் உள்ளே போகும் என்பது குப்பியில் மருந்து எவ்வளவு செறிவாகக் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு வந்த முதல் குப்பி ஒரு மில்லி லிட்டருக்கு 2.5 மி.கி. அப்படியானால் 10 யூனிட் 0.25 மி.கி., 20 யூனிட் 0.5 மி.கி. வழக்கமான ஆரம்ப அளவுகள்தான். அதுவரை கணக்கு சரி.

0.5-க்கு வந்த பிறகுதான் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்ட மறுநாள் தொடங்கி மூன்று நான்கு நாள் குமட்டல், சாப்பிட்டது தொண்டையிலேயே நிற்கிற மாதிரி ஒரு உணர்வு, இடையிடையே வாந்தி. கோச்சுக்கு எழுதினேன். வந்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "அது மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம் மேடம். அடுத்த மாசம் டோஸ் ஏத்துறோம், ரிசல்ட் இன்னும் வேகமா வரும்."

உடம்பு தாங்கவில்லை என்று ஒருத்தி எழுதுகிறாள், அதற்கு டோஸை ஏற்றுகிறோம் என்று பதில். அவர்களுடைய திட்டத்தில் டோஸ் ஏற ஏற மாதக் கட்டணமும் ஏறும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்த பார்சல் வந்தது. மெசேஜ்: "இந்த மாசம் 40 யூனிட் போடுங்க மேடம்." குப்பி பார்க்க அதே அளவு, அதே நிற மூடி. லேபிளில் பொடி எழுத்தில் மட்டும் ஒரு மாற்றம்: மில்லி லிட்டருக்கு 5 மி.கி. செறிவு மாறியிருக்கிறது என்று ஒரு வரிகூட யாரும் சொல்லவில்லை. சொன்னபடி '40' என்ற கோடு வரை இழுத்துப் போட்டேன். உள்ளே போனது 2 மி.கி. முந்தைய வாரம் போட்டதைப் போல நான்கு மடங்கு.

மறுநாள் காலையில் தொடங்கிய வாந்தி நிற்கவே இல்லை. ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிறுநீர் கடும் மஞ்சளில் கொஞ்சமாகத்தான் போனது. சாப்பாடு இல்லாத வயிற்றில் கிளிமெபிரைடு வேறு இருந்ததால் சுகர் 58-க்கு இறங்கி, கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கோச் எழுதினார்: "முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும் மேடம். தண்ணி நிறைய குடிங்க. அடுத்த வார ஊசியை மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது என் தம்பி. ஃபிரிட்ஜில் இருந்த குப்பிகள் இரண்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்திருந்தான். அதனால்தான் விஷயமே புரிந்தது. டாக்டரம்மா இரண்டு லேபிளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, கேஸ் ஷீட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். "அவங்க 1 மி.கி. கொடுக்க நினைச்சிருக்காங்கம்மா. உங்களுக்குப் போனது 2. ஆனா 0.5-லேயே வாந்தி எடுத்தவங்களுக்கு அந்த 1 மி.கி.யே கொடுத்திருக்கக் கூடாது."

இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது. நீர் வற்றியதால் சிறுநீரகம் திணறியிருக்கிறது. கணையம் வீங்கியிருக்கிறதா என்று லைபேஸ் பார்த்தார்கள், அது நல்லவேளையாகச் சரியாக இருந்தது. இந்த மருந்துக்கு முறிவு மருந்து எதுவும் கிடையாது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். வாந்திக்கு மருந்து, திரவம், சுகர் கண்காணிப்பு, அவ்வளவுதான் செய்ய முடியும். மீதிக்கு மருந்து தானாகக் கரைந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை அதிகமாகப் போட்டுவிட்டால் அன்றோடு முடிகிற விஷயம் இல்லை இது.

எனக்கு மட்டும் நடந்த விபத்து என்று நினைக்காதீர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் இதைப் பற்றியே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தகங்களில் தனியாகக் கலந்து குப்பியில் தரப்படும் செமக்ளூடைடை, சொன்ன அளவைவிட 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். மில்லி கிராம், மில்லி லிட்டர், யூனிட் மூன்றும் குழம்பியதுதான் காரணம். சில சம்பவங்களில் கணக்கைத் தப்பாகப் போட்டது மருந்து எழுதித் தந்தவர்களே.

சரி, ஒழுங்கான மருத்துவர் இந்த டோஸை எப்படி முடிவு செய்கிறார்? அந்த டாக்டரம்மாவிடம் தொடர்ந்து போய்வருவதால் இப்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

முதலில், ஊசியை எழுதுவதற்கு முன்பே கேள்விகள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உண்டா? இருந்தால் இந்த மருந்தே கூடாது. கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா, சுகரால் கண்ணின் விழித்திரை பாதித்திருக்கிறதா, கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உண்டா? செமக்ளூடைடை அதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். வேறு என்ன மாத்திரைகள்? என் கிளிமெபிரைடைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் குறைத்தார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கவனம் தேவை, இல்லாவிட்டால் சுகர் தாழ்ந்துபோகும். நான் படிவத்தில் எழுதிக்கொடுத்த தகவல் இது. படித்த ஒருவர் கண்ணில் பட்டிருந்தால் பத்து நொடியில் பிடித்திருப்பார்.

பிறகு படிப்படியாக ஏற்றும் முறை. எடைக்குறைப்புக்கான செமக்ளூடைடில் வழக்கமான வரிசை வாரம் ஒருமுறை 0.25, அப்புறம் 0.5, 1, 1.7, கடைசியில் 2.4 மி.கி. ஒவ்வொரு படியிலும் நான்கு வாரம். அந்த 0.25 எடை குறைப்பதற்கான அளவே அல்ல, வயிறும் குடலும் பழகுவதற்காகக் கொடுப்பது. நான்கு வாரம் ஏன் என்றால், வாரா வாரம் போடப் போட மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போய், நான்கைந்து வாரத்தில்தான் ஒரு நிலைக்கு வரும். அப்போதுதான் அந்த டோஸின் உண்மையான விளைவும் உண்மையான தொந்தரவும் தெரியும். இரண்டாவது வாரத்திலேயே 'எடை இறங்கலையே, ஏத்திடலாம்' என்று யாராவது சொன்னால், அவர்கள் இன்னும் பாதி மருந்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நான்கு வாரம் என்பது ஏற்றுவதற்கு முன் ஆகவேண்டிய குறைந்தபட்ச அவகாசம். நான்கு வாரம் முடிந்துவிட்டது என்பதற்காக ஏற்றியே தீர வேண்டும் என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை. உடம்பு தாங்காவிட்டால் இன்னும் நான்கு வாரம் அதே படியில் வைத்திருக்கலாம், ஒரு படி இறக்கலாம். என்னை ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பியபோது உடனே எதுவும் தொடங்கவில்லை. கிரியேட்டினின் பழையபடி ஆகி, சாப்பாடு சீராகி, மருந்து இறங்கட்டும் என்று வாரக்கணக்கில் காக்க வைத்தார். பிறகு மறுபடி 0.25-இலிருந்து, இந்த முறை பேனா ஊசியில். 0.5-இல் வழக்கத்தைவிட நீண்ட நாள் நிறுத்தினார். "கடைசிப் படிக்குப் போயே ஆகணும்னு இல்லம்மா. எந்த அளவுல எடையும் இறங்கி, நீங்களும் ஒழுங்கா சாப்பிட முடியுதோ அதுதான் உங்க டோஸ்" என்றார்.

இதில் உண்மை இருக்கிறது. எடை குறைக்கும் இன்னொரு வார ஊசியான டிர்செபடைடு மருந்தின் பெரிய ஆய்வொன்று 2022-இல் வெளியானது. 72 வாரத்தில் 5 மி.கி. போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, 15 மி.கி. போட்டவர்களுக்குச் சுமார் 21 சதவீதம். மருந்து மூன்று மடங்கு, பலன் மூன்று மடங்கு இல்லை. சிலருக்கு அந்தக் கூடுதல் பலன் அவசியமாக இருக்கும், அதை அவரவர் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கட்டணத் திட்டம் அதை முடிவு செய்யக் கூடாது.

ஒவ்வொரு முறை போகும்போதும் எடை பார்ப்பதோடு விடுவதில்லை. எவ்வளவு சாப்பிட முடிகிறது, புரதம் போகிறதா, மலச்சிக்கல் உண்டா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, மேல் வயிற்றில் வலித்து முதுகுக்குப் பரவுகிறதா என்று கேட்கிறார். கடைசியாகச் சொன்ன வலி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருக்கிறார், அது கணைய அழற்சியின் அடையாளமாக இருக்கலாம். எப்போதாவது மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் என்றால் இந்த ஊசியைப் பற்றி அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும் என்றும் எழுதித் தந்திருக்கிறார். வயிறு மெதுவாகக் காலியாவதால் உணவு மேலேறி மூச்சுக்குழாயில் போகிற அபாயம் உண்டு.

ஊசி தவறிப்போனால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே சொன்னார். எடைக்குறைப்புக்கான செமக்ளூடைடில், அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் நினைவு வந்ததும் போடலாம், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். ஒருபோதும் இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. சில வாரங்கள் விட்டுப்போனால் டாக்டரிடம் கேட்காமல் பழைய அளவில் தொடங்கக் கூடாது. தினமும் போடுகிற லிராக்ளூடைடு என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஊசியில் மூன்று நாளுக்கு மேல் விட்டாலே 0.6 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

மருந்து மாற்றுகிறவர்களும் கவனியுங்கள். ஒரு மருந்தின் மில்லி கிராமும் இன்னொன்றின் மில்லி கிராமும் சமம் இல்லை. செமக்ளூடைடில் 2.4 போட்டேன், அதனால் டிர்செபடைடில் இவ்வளவு என்று குழுக்களில் சிலர் அட்டவணை பகிர்கிறார்கள். தயவுசெய்து அதைப் பார்த்துப் போடாதீர்கள். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கி, நான்கு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் 2.5 வீதம் ஏற்றுவது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் அந்த மருந்தைத் தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பும் வைத்துக்கொள்ள வேண்டும், மாத்திரையின் பலன் குறையக்கூடும். இதை எந்த கோச்சும் சொல்லிக் கேட்டதில்லை.

நிறுவனத்திடம் பணம் கேட்டேன். 'அனுப்பிய மருந்தைத் திரும்பப் பெற இயலாது, பக்கவிளைவுகளை நீங்கள் ஏற்றுக்கொண்டே பதிவு செய்தீர்கள்' என்று ஒரு மின்னஞ்சல். செறிவு மாறியதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். குப்பிகள், லேபிள் படங்கள், கோச்சின் மெசேஜ்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் அழிக்காதீர்கள், குப்பி காலியானாலும் எறியாதீர்கள்.

இப்போது குப்பியில் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றே லேபிளை எடுத்துப் பாருங்கள். நீங்கள் இழுக்கிற யூனிட்டை 100-ஆல் (சிரிஞ்சில் U-40 என்று போட்டிருந்தால் 40-ஆல்) வகுத்து, ஒரு மில்லி லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று போட்டிருக்கிற எண்ணால் பெருக்குங்கள். வருவதுதான் உங்கள் டோஸ். அது உங்களுக்குச் சொன்ன மில்லி கிராமோடு பொருந்தவில்லை என்றாலோ, மில்லி கிராமே யாரும் சொல்லவில்லை என்றாலோ அடுத்த ஊசியைப் போடாமல் நேரில் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே அதிகம் போட்டு, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால் மெசேஜில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். குப்பி, சிரிஞ்ச், சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசி ஊசியை எந்த நாள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.